வலுவை அளந்த வரலாறு: பன்வில மலைத்தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

கண்டியிலிருந்து வத்தேகமை வழியாகப் பன்விலவை நோக்கிச் செல்லும் பாதை, அதற்கப்பால் மடுல்கலை, கபரகலை ஆகிய தோட்டப் பகுதிகளை ஊடறுத்து நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரம் வரை நீள்கின்றது. அம்மலைகளில் ஊற்றெடுக்கும் ஹுலுகங்கை பள்ளத்தாக்கின் வழியே இறங்கி மகாவலியுடன் சேர்கின்றது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் இப்பிரதேசம் முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் உரியதாயிற்று. அக்காலந்தொட்டு இங்கு மூவகை வலுக்கள் ஒருங்கே தொழிற்பட்டு வந்துள்ளன. மலையிலிருந்து வீழும் நீரின் வலு ஒன்று. நீராவியாலும் எண்ணெயாலும் இயங்கும் எஞ்சினின் வலு இன்னொன்று. தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் உடல்வலு மூன்றாவது. இம்மூன்றும் எவ்வாறு அளக்கப்பட்டன என்னும் வினா வெறும் பொறியியல் வினாவன்று. ஒரு சமூகம் எதனை நுட்பமாக அளந்தது, எதனை அளவாது விட்டது என்பதும் அச்சமூகத்தின் வரலாற்றைக் கூறுவதேயாகும். டைனமோமீற்றர் எனப்படும் வலுமானியின் வளர்ச்சியையும் அது தொழிற்படும் முறையையும் இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீரும் குதிரையும்

எஞ்சின்கள் மலைநாட்டை அடையுமுன் இங்கு இயந்திர வேலைக்குக் கிடைத்த பெருவலு நீரின் வலுவே. கோப்பிப் பழத்தின் தோலை நீக்கும் இயந்திரங்களை ஓட்டுவதற்குத் தோட்டங்கள் பலவற்றில் நீர்ச்சக்கரங்கள் அமைக்கப்பட்டன. ஜோன் வாக்கர் என்பார் கோப்பி இயந்திரங்களை ஆக்கும் தொழிலை 1854ஆம் ஆண்டில் கண்டி நகரிலேயே தொடங்கினார் என்பது, இம்மலைகளில் இயந்திரத்தின் தேவை எத்துணை விரைவில் உணரப்பட்டது என்பதற்குச் சான்றாகும்.

வீழும் நீரின் வலுவைக் கணிப்பது எளிது. ஒரு கன அடி நீரின் நிறை ஏறக்குறைய 62.4 இறாத்தல். செக்கனுக்கு 10 கன அடி நீர் 30 அடி உயரத்திலிருந்து வீழுமாயின், அது செக்கனுக்கு 18,720 அடி-இறாத்தல் வேலை செய்யவல்லது. செக்கனுக்கு 550 அடி-இறாத்தல் ஒரு பரிவலு எனக் கொள்ளப்படுவதால் இஃது ஏறக்குறைய 34 பரிவலுவாகும். ஆயின் நீரில் உள்ள வலு முழுவதும் சக்கரத்தின் அச்சுக்கு வந்து சேர்வதில்லை. எவ்வளவு வந்து சேர்கின்றது என்பதை முறையாகச் சோதித்தவர் ஆங்கிலேயப் பொறியியலாளராகிய ஜோன் ஸ்மீற்றன் ஆவார். சிறு மாதிரிச் சக்கரங்களை அமைத்து அவற்றால் நிறைகளை உயர்த்துவித்து அவர் நிகழ்த்திய ஆய்வுகள் 1759ஆம் ஆண்டில் வெளியாயின. நீர் மேலிருந்து வீழும் சக்கரம் நீரின் வலுவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைத் தருமென்றும், நீர் அடியில் மோதியோடும் சக்கரம் அதில் பாதியளவே தருமென்றும் அவர் கண்டார். இக்கணக்கின்படி மேற்கூறிய 34 பரிவலுவில் ஏறக்குறைய 22 அல்லது 23 பரிவலுவே அச்சில் கிடைக்கும். உள்ளே செல்லும் வலு வேறு, வெளியே வரும் பயன்வலு வேறு என்னும் தெளிவு வலுவளவையின் வரலாற்றில் முதற்படி எனலாம்.

பரிவலு என்னும் அலகு ஒரு வணிகத் தேவையிலிருந்து பிறந்தது. நீராவி எஞ்சினைத் திருத்தியமைத்த ஜேம்ஸ் வாற், தம் எஞ்சின் எத்தனை குதிரைகளுக்கு ஈடாகும் என்பதை அவற்றை வாங்குவோருக்கு எடுத்துரைக்க வேண்டியிருந்தது. செக்கிழுக்கும் மாட்டைப்போன்று வட்டமாகச் சுற்றிவந்து ஆலையை ஓட்டும் குதிரையை அவர் கணக்கிற் கொண்டார். வட்டத்தின் ஆரை 12 அடி. குதிரை இழுக்கும் விசை 180 இறாத்தல். ஒரு மணித்தியாலத்திற்கு 144 சுற்று, அதாவது நிமிடத்திற்கு 2.4 சுற்று. விசையை ஆரையாற் பெருக்க 2,160 கிடைக்கின்றது. ஒரு சுற்றில் செய்யப்படும் வேலை இதன் 6.28 மடங்காகும். அதனை 2.4 ஆற் பெருக்கினால் நிமிடத்திற்கு ஏறக்குறைய 32,570 அடி-இறாத்தல் வரும். இத்தொகை பின்னர் 33,000 என முழுமையாக்கப்பட்டது.

இக்கணக்கில் வலுமானியின் தத்துவம் முழுவதும் அடங்கியிருத்தல் கவனிக்கத்தக்கது. விசையையும் அச்சிலிருந்து அது தொழிற்படும் தூரத்தையும் பெருக்கினால் வருவது முறுக்கம். முறுக்கம் அச்சினைத் திருப்பும் ஆற்றலை மட்டுமே கூறும். அது எத்துணை விரைவாகத் திருப்பப்படுகின்றது என்பதைக் கூறாது. முறுக்கத்தோடு சுழற்சி வேகத்தையும் சேர்த்தாலன்றி வலு பெறப்படாது. பாரமான உருளையை அசையச் செய்வதற்கு முறுக்கம் வேண்டும். குறித்த நேரத்தில் அவ்வேலையை முடிப்பதற்கு வலு வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது இன்றுங்கூடப் பொதுவாகக் காணப்படும் மயக்கமாகும்.

தடுத்து அளத்தல்

குதிரையின் இழுவையைக் கயிற்றில் ஒரு விற்றராசைக் கட்டி அறியலாம். சுழலும் அச்சின் விசையை எவ்வாறு அறிவது? இதற்கு விடை கண்டவர் பிரான்சியப் பொறியியலாளராகிய கஸ்பார் டி புரோனி. பரிஸ் நகரில் ஒரு நீராவி எஞ்சினின் வலுவைக் கணிக்கும் பொருட்டு 1821ஆம் ஆண்டில் அவர் உருவாக்கிய கருவி, தோற்றத்தில் மிக எளியது. அச்சினைச் சுற்றி இரு மரக்கட்டைகள் ஆணிகளால் இறுக்கப்படுகின்றன. அவற்றோடு ஒரு நீண்ட புயம் பொருத்தப்படுகின்றது. அச்சு சுழலும்போது உராய்வினால் கட்டைகளையும் தன்னோடு இழுத்துச் செல்ல முயலும். புயத்தின் முனையில் தகுந்த நிறையைத் தொங்கவிட்டால் புயம் சுழலாது கிடையாக நிற்கும். அந்நிலையில் நிறையைப் புயத்தின் நீளத்தாற் பெருக்கினால் எஞ்சின் தரும் முறுக்கம் கிடைத்துவிடும். சுற்றுக்களை எண்ணிக்கொண்டால் வலுவும் கிடைக்கும்.

இம்முறையின் சிறப்பு யாதெனில், உராய்வு எவ்வளவு என்பதை எவரும் அறியவேண்டியதில்லை என்பதாகும். கட்டை சூடேறினாலும் ஈரமானாலும் உராய்வு மாறும். ஆயின் புயம் சமநிலையில் நிற்கும்வரை உராய்வின் முறுக்கமும் நிறையின் முறுக்கமும் சமமேயாகும். அறியமுடியாத ஒன்றை அறிந்த ஒன்றினால் சமன்செய்து அளக்கும் இவ்வழியே பின்வந்த வலுமானிகள் பலவற்றுக்கும் அடிப்படையாயிற்று.

தொழிற்சாலைகளிலும் பயிற்சிக்கூடங்களிலும் பெருவழக்காயிருந்த கயிற்றுத் தடுப்பு இதன் எளிய வடிவமாகும். எஞ்சினின் பறப்புச் சில்லைச் சுற்றி ஒரு கயிறு இடப்படும். அதன் ஒரு முனையில் நிறையும் மறுமுனையில் விற்றராசும் இருக்கும். எடுத்துக்காட்டாக, நிறை 180 இறாத்தலும் விற்றராசின் வாசிப்பு 20 இறாத்தலும் ஆயின் தேறிய விசை 160 இறாத்தல். சில்லின் பயன்படு ஆரை இரண்டரை அடியாயின் முறுக்கம் 400 இறாத்தல்-அடி. எஞ்சின் நிமிடத்திற்கு 250 முறை சுழன்றால், 400ஐ 6.28 ஆலும் 250 ஆலும் பெருக்கி 33,000 ஆற் பிரிக்க ஏறக்குறைய 19 பரிவலு கிடைக்கும். இன்றைய அலகுகளில் இது 542 நியூற்றன்-மீற்றர் முறுக்கமும் 14.2 கிலோஉவாற்று வலுவுமாகும்.

இவ்வாறு தடுப்பின்மூலம் பெறப்படுவது தடுப்புப் பரிவலு எனப்பட்டது. உருளையினுள் நீராவியின் அமுக்கத்தைப் பதிவுசெய்து கணிக்கப்படும் வலு இதனின்றும் வேறானது. அவ்விரண்டுக்குமிடையிலான வேறுபாடு எஞ்சின் தன்னைத் தானே இயக்குவதற்குச் செலவிட்ட வலுவாகும். எஞ்சினை வாங்குவோருக்கு வேண்டியது உருளையில் பிறக்கும் வலுவன்று. அச்சில் வெளிப்படும் வலுவேயாகும். எனவே விற்பவரின் கூற்றை வாங்குபவர் சரிபார்க்கும் நடுநிலைக் கருவியாகத் தடுப்புச் சோதனை அமைந்தது.

தடுக்கப்பட்ட வலு எங்கே செல்கின்றது? அது முழுவதும் வெப்பமாகின்றது. மேற்கண்ட 19 பரிவலு எஞ்சின் பிறப்பிக்கும் வெப்பம், அறை வெப்பநிலையிலுள்ள ஓர் இலீற்றர் நீரை ஏறக்குறைய 22 செக்கனில் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. மரக்கட்டைகள் கருகின, கயிறுகள் எரிந்தன. கப்பல்களுக்குரிய பேரெஞ்சின்களைச் சோதிக்க இம்முறை போதாதாயிற்று. 1877ஆம் ஆண்டில் வில்லியம் புரூட் நீரையே தடுப்பாகக் கொண்ட வலுமானியைப் பிரித்தானியக் கடற்படைக்காக அமைத்தார். அச்சோடு சுழலும் சில்லின் குழிவுகளுக்கும் அதனைச் சூழ்ந்த உறையின் குழிவுகளுக்கும் இடையே நீர் சுழன்று மோதும். உறை திரும்ப முயலும். அதனைத் தடுத்து நிறுத்தும் புயத்தில் விசை அளக்கப்படும். சூடேறிய நீர் வெளியேறப் புதுநீர் உட்புகும். பிற்காலத்தில் காந்தப் புலத்தில் எழும் சுழிப்பு மின்னோட்டத்தாலும் மின்பிறப்பாக்கிகளாலும் தடுக்கும் வலுமானிகள் தோன்றின. ஆயினும் உறையையோ புயத்தையோ நிறுத்திவைக்கும் விசையை அளந்து, அதன் தூரத்தாலும் சுழற்சியாலும் பெருக்கும் கணக்கு புரோனியின் கணக்கேயாகும்.

தொழிற்சாலையின் தேவை

கோப்பிச் செடியை அழித்த இலைநோய் 1869ஆம் ஆண்டில் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1867இல், கண்டிக்குத் தெற்கேயுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி வீழ்ச்சியுற, பன்வில உள்ளிட்ட மலைப்பகுதிகளில் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. நூற்றாண்டு முடிவுறுங்காலத்தில் இலங்கையின் தேயிலை நிலம் மூன்றரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது.

தேயிலை கோப்பியைவிடப் பெரிதும் வலுவை வேண்டிய பயிராகும். டெய்லரின் தொடக்ககால முயற்சியில் கொழுந்து அவரது பங்களாவின் விறாந்தையில், மேசைகள்மீது தொழிலாளரின் கைகளாலேயே அரைக்கப்பட்டது. 1872இல் அவர் கொழுந்தரைக்கும் ஓர் இயந்திரத்தை அமைத்தார். வில்லியம் ஜாக்சன் வடிவமைத்த அரைக்கும் இயந்திரங்களும், சாமுவேல் டேவிட்சனின் சிறோக்கோ உலர்த்திகளும் பின்னர் மலைநாடெங்கும் பரவின. வாட்டும் மாடியின் விசிறிகள், அரைக்கும் ரோலர்கள், உலர்த்தி, சல்லடைகள் யாவும் ஒரே நெடிய அச்சிலிருந்து வார்ப்பட்டிகளால் ஓட்டப்பட்டன. எத்தனை ரோலர்களை ஒருங்கே ஓட்டலாம் என்பதை முடிவுசெய்வதற்கு அச்சில் கிடைக்கும் வலு திட்டமாகத் தெரிந்திருத்தல் அவசியமாயிற்று. கைகள் செய்த வேலை இயந்திரத்திற்கு மாறிய கணத்திலேயே அவ்வேலைக்கு ஓர் எண் வேண்டியதாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது.

மலைநாட்டில் இவ்வெண்ணுக்கு இன்னுமொரு சிக்கலும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் உயரத்தில் வளியின் அடர்த்தி ஏறக்குறைய பத்திலொரு பங்கு குறைகின்றது. இயல்பாக வளியை உள்ளிழுத்து எரிபொருளை எரிக்கும் எஞ்சினின் வலுவும் ஏறத்தாழ அதே அளவு குறையும். கடலோரத்தில் 20 பரிவலு காட்டிய எஞ்சின் மலையில் 18 பரிவலுவே தரக்கூடும். இதனாலேயே எஞ்சின் சோதனைகளில் வளியமுக்கமும் வெப்பநிலையும் குறிக்கப்பட்டுத் திருத்தம் செய்யப்படுகின்றது. இயந்திரம் எந்தச் சூழ்நிலையில் உழைக்கின்றது என்பதையும் கணக்கிற் கொள்ளாத அளவை நேர்மையான அளவை ஆகாது எனப் பொறியியல் ஏற்றுக்கொண்டுள்ளது.

உடலின் வலு

வலுமானி என்னும் பெயரைத் தாங்கிய புகழ்பெற்ற முதற் கருவிகளுள் ஒன்று எஞ்சினுக்காக அமைந்ததன்று, மனிதனுக்காகவே அமைந்தது. இயற்கை ஆய்வாளராகிய புபோன் முதலியோரின் வேண்டுகோளையொட்டி எட்மே ரெக்னியே என்னும் பிரான்சியர் ஆக்கிய வில் வலுமானி 1798ஆம் ஆண்டில் வெளியுலகுக்கு அறிமுகமாயிற்று. கையால் நெரித்தும் இடுப்பால் இழுத்தும் ஒருவரது விசையை அதிற் காணலாம். 1800ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்ட பிரான்சியக் கடற்பயணத்தில் பிரான்சுவா பெரோன் அக்கருவியைக் கொண்டுசென்று, அத்திசைகளின் பழங்குடியினரையும் தீமோர் தீவினரையும் ஐரோப்பிய மாலுமிகளையும் சோதித்தார். நாகரிகமடையாத மக்கள் ஐரோப்பியரிலும் வலுக்குன்றியோர் என்னும் முடிவை 1807இல் வெளியிட்டார். அறியாத கருவியை அந்நியர் முன் இழுக்குமாறு பணிக்கப்பட்டவர் தம் முழுவிசையையும் காட்டினாரா, அவரது உணவும் பழக்கமும் எத்தகையன என்பவற்றை வில்லின் முள் காட்டவில்லை. எஞ்சினுக்கு வளியமுக்கத் திருத்தம் செய்யும் கவனம் மனிதனின் விடயத்தில் அங்கே இருக்கவில்லை.

இதற்கு மாறான வழியும் அக்காலத்தில் இருந்தது. மின்னியலில் பெயர்பெற்ற கூலோம், மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டும் பணியில் பல்லாண்டுகள் ஈடுபட்டவர். மனிதர் நாளொன்றில் செய்யவல்ல வேலையைப்பற்றி அவர் எழுதிய ஆய்வில், செய்யப்பட்ட வேலையோடு அவ்வேலை உண்டாக்கும் களைப்பையும் சேர்த்தே எண்ணவேண்டும் என்னும் நிலைப்பாட்டை மேற்கொண்டார். படியேறுதல், சுமைதூக்குதல், மண்வெட்டுதல் ஆகியவற்றை வெவ்வேறாக ஆராய்ந்தார்.

பன்விலப் பகுதித் தோட்டங்களிலும் பிற மலைத்தோட்டங்களிலும் தொழிலாளரின் உழைப்பு இருவகையில் அளக்கப்பட்டது. ஒன்று பேர், மற்றது கொழுந்தின் நிறை. காலைப் பெரட்டில் நின்று மலைக்குச் சென்றவர் குறித்த அளவு கொழுந்து பறித்தால் செக்ரோலில் அவருக்கு ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப்பேர் விழும். கொழுந்து மடுவத்தில் தராசின் முன் நிறுக்கப்படுகையில் கூடைக்கெனவும் ஈரத்திற்கெனவும் கழிக்கப்படும் இறாத்தல்கள், தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் மனத்தில் குறையாக இருந்துவந்துள்ளன. இத்தராசு வெளியீட்டை அளந்தது, உழைப்பை அளக்கவில்லை.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 50 கிலோகிராம் நிறையுடைய ஒரு பெண் 15 கிலோகிராம் கொழுந்தைச் சுமந்து, 100 மீற்றர் உயரமுள்ள சரிவை 20 நிமிடத்தில் ஏறுகின்றாள் எனக் கொள்க. அவள் செய்யும் வேலை ஏறக்குறைய 63,700 யூல். வலு 53 உவாற்று. நீடித்த உழைப்பில் உடல்நலமுள்ள வளர்ந்தோர் ஒருவர் தரக்கூடியதாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது 75 உவாற்றளவேயாகும். அதில் பெரும்பகுதியை அவள் மலையேறுவதிலேயே செலவிட்டுவிட்டாள். மடுவத்துத் தராசு காட்டுவதோ 15 கிலோகிராம் மட்டுமே. மடுவத்தின் அருகே சமதரையில் பறித்தவளுக்கும் அதே 15 கிலோகிராம்தான்.

பேர் என்னும் அளவையும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைத் தொடர்ந்து நிருணயிக்கப்பட்ட நாட்கூலி உயர்நிலப் பகுதியில் ஆணுக்கு 54 சதமாகவும் பெண்ணுக்கு 43 சதமாகவும் அமைந்தது. பெண்ணின் ஒரு நாள் ஆணின் ஒரு நாளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு என்பதே இதன் பொருளாகும். எந்த வலுமானியும் இவ்விகிதத்தைக் கண்டறிந்து கூறியதன்று. கொழுந்து பறித்தல் பெரும்பாலும் பெண்களின் கைகளாலேயே நடைபெற்ற ஒரு தொழிலில் இவ்வேறுபாடு நிலைத்தது. பெருந்தோட்டத்துறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி 1984ஆம் ஆண்டிலேயே வந்தது.

முடிவாக

தொழிலாளரையும் எஞ்சின்போலத் தடுத்து அளந்திருக்க வேண்டும் என்பது இவ்வாராய்ச்சியின் முடிவன்று. மனித உடலை ஓர் எண்ணாகச் சுருக்கும் முயற்சி எங்கே கொண்டுசெல்லும் என்பதைப் பெரோனின் பயணம் காட்டிற்று. ஆயின் வலுமானியின் வரலாற்றிலிருந்து அளவையின் அறம் எனக் கூறத்தக்க சில நெறிகள் பெறப்படுகின்றன. உட்செல்வதும் வெளிவருவதும் வேறு என அறிதல் முதலாவது. உழைக்கும் சூழ்நிலையைக் கணக்கிற் கொள்ளுதல் இரண்டாவது. அளவை இருதரப்பாரும் சரிபார்க்கத்தக்கதாய் இருத்தல் மூன்றாவது. தோட்டத்துத் தொழிற்சாலையில் எஞ்சினுக்கு இம்மூன்றும் கிடைக்கக்கூடியனவாய் இருந்தன. தொழிற்சாலைக்கு வெளியே, அதே மலையில், கொழுந்து பறித்தவருக்கு அவை கிடைக்கவில்லை. தராசு ஒரு தரப்பின் கையிலேயே இருந்தது.

1925ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை 2001இல் தேயிலை அருங்காட்சியகமாயிற்று. கண்டி நகருக்கு அண்மையிலுள்ள அக்கட்டடத்தில் பழைய எஞ்சின்களையும் ரோலர்களையும் காணலாம். அவற்றின் வலுவை இன்றும் கணித்துக் கூற இயலும். அவ்வியந்திரங்களுக்குக் கொழுந்து சுமந்து வந்த கால்கள் ஏறிய உயரத்தையோ செக்ரோல்கள் எழுதவில்லை. பேரும் அரைப்பேரும் இறாத்தலுமே அவற்றில் உள. மலையகத்தின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுவோர் அவ்வேடுகளிலுள்ள எண்களைக் கூட்டிப் பார்ப்பதோடு நில்லாது, அவ்வெண்கள் எதனை அளவாது விட்டன என்பதையும் வினவுதல் வேண்டும்.